பிக்அப்பில் டிபிஎஃப் ஏன் அடைத்துக்கொள்கிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலை ஆறரைக்குத் தங்குவிடுதி வாசலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு 8 கி.மீ. தள்ளி வேலையிடத்தில் இறக்கிவிடுவது. அங்கிருந்து காக்கி புக்கிட்டில் ஒரு ஹார்ட்வேர் கடை, பிறகு ஊபியில் ஒரு டெலிவரி, மறுபடி வேலையிடம். மாலைக்குள் மீட்டரில் 60 கி.மீ. ஏறியிருக்கும். ஆனால் எஞ்சின் ஒரே மூச்சில் பதினைந்து நிமிடம் நல்ல சூட்டில் ஓடியிருக்காது. சிங்கப்பூரில் டீசல் பிக்அப்களின் புகை ஃபில்டர், அதாவது டிபிஎஃப், அடைத்துக்கொள்வதற்கு அடித்தளம் இந்த ஓட்டம்தான். ஓட்டத்தை நாம் மாற்ற முடியாது, வேலை அப்படி. அதன் மேல் நாமே சேர்த்துவிடும் தவறுகளைத் தவிர்க்கலாம்.

இங்கே 2018 ஜனவரி முதல் புதிதாகப் பதிவாகும் டீசல் வண்டிகளுக்கு யூரோ 6 புகைத் தரம் கட்டாயம். டிபிஎஃப் இல்லாமல் அந்தத் தரத்தை எட்ட முடியாது. உள்ளே தேன்கூடு மாதிரி நூற்றுக்கணக்கான மெல்லிய பீங்கான் குழாய்கள் இருக்கும். ஒரு குழாயின் முன்வாய் திறந்திருந்தால் பின்வாய் மூடியிருக்கும். பக்கத்துக் குழாயில் நேர்மாறு. ஆகவே புகை நடுச்சுவரின் நுண்துளைகள் வழியாகத்தான் வெளியேற முடியும், கரி சுவரிலேயே தங்கிவிடும். தங்கிய கரியை எரித்துச் சுவரைத் திறந்துவிடும் வேலைக்குப் பெயர் ரீஜெனரேஷன்.

விரைவுச்சாலையில் பாரத்தோடு ஓடும்போது, புகையின் சூடு 250 முதல் 400 டிகிரிக்குள் இருந்தாலே கரி மெல்ல மெல்லத் தானாகக் குறையும். அது போதாதபோது எஞ்சின் கம்ப்யூட்டர் தலையிடுகிறது. கூடுதலாகக் கொஞ்சம் டீசலைப் புகைப்பாதைக்கு அனுப்பி, ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் கேட்டலிஸ்ட்டில் அதை எரியவைத்து, ஃபில்டரின் சூட்டை 600 டிகிரி அளவுக்கு ஏற்றுகிறது. இதற்கு 10 முதல் 25 நிமிடம் ஆகும். இந்த நிமிடங்களில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

எரிந்துகொண்டிருக்கும்போது சாவியைத் திருப்புவது

ரீஜெனரேஷன் ஓடுகிறது என்று பல வண்டிகள் டேஷ்போர்டில் சொல்வதில்லை. ஆனால் கவனித்தால் தெரியும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஐடில், அதாவது நிற்கும் வண்டியில் எஞ்சின் சுற்றும் வேகம், வழக்கத்தைவிட 100, 200 ஆர்பிஎம் கூடுதலாக இருக்கும். ரேடியேட்டர் ஃபேன் காரணமில்லாமல் வேகமாகச் சுற்றும். காய்ந்த இரும்பு போல ஒரு சூட்டு வாடை அடிக்கும். உடனடி எரிபொருள் கணக்கு திடீரென்று எகிறும். நின்றதும் எஞ்சினைத் தானாக அணைக்கும் ஆட்டோ ஸ்டாப் உள்ள வண்டியில் அது வேலை செய்யாது. இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் எஞ்சினை அணைக்காதீர்கள். கடை வாசலுக்கு வந்துவிட்டாலும் இன்னொரு சுற்று சுற்றிவிட்டு வருவது லாபம்.

ஒருமுறை அணைத்துவிட்டால் குடி முழுகிப்போகாது. அடுத்த ஓட்டத்தில் சூடேறியதும் கம்ப்யூட்டர் மறுபடி ஆரம்பிக்கும். ஆனால் நாளுக்கு மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறையும் பாதியில் நின்றால் கரி குறையாது, டீசல் மட்டும் செலவாகும். அந்த டீசல் எங்கே போகிறது என்பதுதான் முக்கியம். பல எஞ்சின்களில் கூடுதல் டீசல் சிலிண்டருக்குள்ளேயே, பிஸ்டன் கீழே இறங்கிய பிறகு பீய்ச்சப்படுகிறது. அதில் ஒரு பகுதி சுவரில் ஒட்டி, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எஞ்சின் ஆயிலில் கலக்கும். டொயோட்டாவின் ஜிடி வகை டீசல் எஞ்சின்களில் இதற்கென்று புகைப்பாதையில் தனி இன்ஜெக்டர் உண்டு, அதனால் அவற்றில் இந்தத் தொல்லை குறைவு. மற்றவற்றில் வாரம் ஒருமுறை ஆயில் மட்டம் காட்டும் குச்சியை (டிப்ஸ்டிக்) உருவிப் பாருங்கள். ஆயில் குறைவது இயல்பு, கூடினால் கவலைப்பட வேண்டும். மட்டம் மேல்கோட்டைத் தாண்டி, விரலில் தேய்த்தால் தண்ணீர் போல வழுக்கி, டீசல் வாடையும் அடித்தால், சர்வீஸ் தேதி வரும்வரை காத்திராமல் ஆயிலை மாற்றுங்கள். ‘ஆயில் கூடுதலாக இருப்பது நல்லதுதானே’ என்று விட்டால் பேரிங் தேயும். மட்டம் ரொம்பவும் ஏறினால் எஞ்சின் தன் ஆயிலையே இழுத்து எரிக்கத் தொடங்கும். அப்போது சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது. கரி நிறைய சேர்ந்த ஃபில்டர் நன்றாகப் பற்றி எரியும் நேரத்தில் வண்டி சட்டென்று ஐடிலுக்கு வந்தால், சூட்டை அள்ளிக்கொண்டு போகும் புகை ஓட்டம் குறைந்துவிடும். ஆனால் ஐடில் புகையில் ஆக்ஸிஜன் அதிகம். துருத்தி ஊதிய அடுப்பு மாதிரி உள்ளே சூடு 1,000 டிகிரியைத் தாண்டலாம். பீங்கான் விரிசல் விடுவதும் உருகுவதும் பெரும்பாலும் இப்படித்தான். எச்சரிக்கை விளக்கோடு பல நாள் ஓட்டிய வண்டிக்கு இந்த ஆபத்து அதிகம்.

“100-ல் அரை மணி நேரம் ஓட்டு”

இணையத்தில் கிடைக்கும் இந்த அறிவுரை ஆஸ்திரேலியச் சாலைகளுக்குச் சரி. இங்கே 3.5 டன்னுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு விரைவுச்சாலையில் வேக வரம்பு 70. வண்டியின் பின்னாலேயே ஒட்டியிருக்கிறது. நல்லவேளை, ஃபில்டருக்கு வேகம் தேவையில்லை, புகையின் சூடும் ஓட்டமும்தான் தேவை. 70-லேயே ஒரு கியர் குறைத்து எஞ்சினை 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில் சீராக வைத்தால் போதும். ஆட்டோ கியரில் மேனுவல் மோடுக்கு மாற்றி உயர் கியருக்குப் போகாமல் பிடித்துவையுங்கள். 20 நிமிடத்துக்கு 23 கி.மீ. வேண்டும். தீவு விரைவுச்சாலை ஏறத்தாழ 43 கி.மீ. நீளம், பாதிக்குச் சற்று மேல் போனால் போதும். காலை எட்டு மணி நெரிசலில் கிளம்பிவிடாதீர்கள், நின்று நின்று போனால் பலனில்லை. இரவு ஒன்பதுக்கு மேல் துவாஸ் பக்கம் ஒரு நடை போய்வருவது எளிது. டிபிஎஃப் விளக்கு மஞ்சளாக எரியத் தொடங்கிய அன்றே இதைச் செய்துவிட வேண்டும். கூடவே எஞ்சின் விளக்கும் வந்து வண்டி இழுக்காமல் போனால் இந்தக் கட்டம் கடந்துவிட்டது, நேரே ஒர்க்‌ஷாப்தான்.

நிறுத்தி வைத்து ஐடிலில் ஓடவிட்டால் கரி எரிந்துவிடும் என்று நினைப்பது இதற்கு நேரெதிரான தவறு. வெறும் ஐடிலில் புகை 200 டிகிரியைத் தொடுவதே அரிது. ஏசி போட்டு மதியத் தூக்கம் போடும் அரை மணி நேரத்தில் ஃபில்டரில் கரி ஏறுமே தவிர இறங்காது. நிற்கும் வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றமும் கூட. தேசிய சுற்றுப்புற வாரியம் அபராதம் விதிக்கும்.

ரீஜெனரேஷன் முடிந்த கையோடு வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதையும் பாருங்கள். அட்டைப்பெட்டிக் குவியல், தார்ப்பாய், காய்ந்த புல் மேல் வேண்டாம்.

எந்த ஆயில் என்று பார்க்காமல் ஊற்றுவது

கரி எரியும், சாம்பல் எரியாது. விறகடுப்பு மூட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஃபில்டரில் சேரும் சாம்பலில் பெரும்பகுதி எஞ்சின் ஆயிலில் உள்ள கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் போன்ற சேர்மானங்களிலிருந்து வருகிறது. எத்தனை ரீஜெனரேஷன் நடந்தாலும் அது அங்கேயே இருக்கும்.

அதனால் டின்னில் ‘5டபிள்யூ-30, டீசல்’ என்று இருந்தால் மட்டும் போதாது. ஜப்பானிய பிக்அப்புக்கு ஜப்பானிய ஆயில் தரக் குறியான ஜாசோ டிஎல்-1 இருக்கிறதா பாருங்கள், அதில் சல்பேட்டட் சாம்பல், அதாவது ஆயில் எரிந்தபின் மிஞ்சும் சாம்பல், 0.6 விழுக்காட்டுக்கு மேல் போகாது. ஐரோப்பிய முறையில் ஏசிஇஏ சி2 அல்லது சி3 என்றால் 0.8 விழுக்காடு உச்சம். ஏ3/பி4 என்று போட்டிருந்தால் அது டிபிஎஃப் இல்லாத வண்டிக்கானது, 1.6 விழுக்காடு வரை போகலாம். கையேட்டில் எது சொல்லியிருக்கிறதோ அதுதான் கடைசி வார்த்தை.

கணக்குப் போட்டால் வித்தியாசம் தெரியும். 10,000 கி.மீ.க்கு அரை லிட்டர் ஆயில் எரிக்கும் எஞ்சின் ஒரு லட்சம் கி.மீ.யில் 5 லிட்டர், அதாவது சுமார் 4.25 கிலோ எரிக்கும். 0.6 விழுக்காட்டு ஆயிலில் அது அதிகபட்சம் 26 கிராம் சாம்பல். 1.6 விழுக்காட்டில் 68 கிராம். சிஓஇ (வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்று) பத்து வருடம் ஓட வேண்டிய வண்டிக்கு, டின்னுக்குப் பத்து வெள்ளி மிச்சம் பிடித்து ஃபில்டரின் ஆயுளைப் பாதியாக்குவது நல்ல வியாபாரமில்லை.

ஃபில்டரை மட்டும் குற்றவாளி ஆக்குவது

ரீஜெனரேஷன் ஆரம்பிக்க சில நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். அவற்றில் ஒன்று தவறினாலும் கம்ப்யூட்டர் தொடங்காது, ஓட்டுநருக்கும் காரணம் தெரியாது. அடிக்கடி தென்படுவது தெர்மோஸ்டாட், எஞ்சின் சூடேறும்வரை கூலன்ட்டை (குளிர்விக்கும் நீரை) ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு. ‘வெயில் ஊரில் இது எதற்கு’ என்று கழற்றிவிடும் பழைய வழக்கம் சில பட்டறைகளில் இன்னும் உண்டு. கழற்றினாலும், திறந்தபடியே சிக்கிக்கொண்டாலும், கூலன்ட் 60 டிகிரியிலேயே நிற்கும். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று கம்ப்யூட்டர் காத்துக்கொண்டே இருக்கும். டேஷ்போர்டு முள்ளை நம்பாமல், எஞ்சின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் கூலன்ட் சூட்டைப் பாருங்கள், விரைவுச்சாலையில் 80-க்குக் கீழே இறங்கக் கூடாது. தெர்மோஸ்டாட்டின் விலை ஃபில்டர் விலைக்கு முன் ஒன்றுமே இல்லை.

டீசல் அளவும் அப்படித்தான். எரிபொருள் விளக்கு எரியும் வண்டி ரீஜெனரேஷனைத் தள்ளிப்போடும். ஒவ்வொரு முறையும் முப்பது வெள்ளிக்கு மட்டும் அடிக்கிற கம்பெனி வண்டிகள் கால் டேங்குக்குக் கீழேயே வாழ்கின்றன.

அடுத்து ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அளக்கும் சென்சாரும் அதற்குப் போகும் இரண்டு சின்னக் குழாய்களும். ரப்பர் வெடித்தாலோ உள்ளே கரி அடைத்தாலோ கணக்கு தப்பாகும். சோதிப்பது சுலபம். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆனில் வைத்து ஸ்கேனரில் பாருங்கள். புகை ஓட்டமே இல்லாதபோது பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்ட வேண்டும். 2 அல்லது 3 கிலோபாஸ்கல் காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது, ஃபில்டரில் கை வைக்காதீர்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் கரி வேகமாக ஏறினால் அது ஃபில்டருக்கு முன்னால் உள்ள பாகங்களிலிருந்து வருகிறது: சொட்டும் இன்ஜெக்டர், புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் இஜிஆர் வால்வு சிக்கிக்கொள்வது, டர்போவிலிருந்து வரும் காற்றுக்குழாயில் கசிவு. ரீஜெனரேஷன் எத்தனை கி.மீ.க்கு ஒருமுறை நடக்கிறது என்று டிரிப் மீட்டரில் குறித்துவையுங்கள். 250 முதல் 500 கி.மீ. என்றால் ஆரோக்கியம். 100 கி.மீ.க்கு ஒருமுறை வந்தால் எங்கோ கோளாறு. பகலில் ஒருவர், இரவில் ஒருவர் ஓட்டும் வண்டியில் இந்தக் குறிப்பு லாக்புக்கில் இருக்க வேண்டும். விளக்கு எரிந்ததைச் சொல்லாமல் சாவியை ஒப்படைப்பதால் போன ஃபில்டர்கள் நிறைய.

ஸ்கேனரில் பி2463 என்ற கோளாறுக் குறியீடு வந்தால் கரி அதிகம் என்று பொருள், காரணத்தைத் தீர்த்தபின் எரிக்கலாம். பி242எஃப் என்றால் சாம்பல், எரித்துப் பயனில்லை, கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டுக்கும் ஒரே மருந்தாக, ஸ்கேனரில் கட்டளை கொடுத்துக் கட்டாய ரீஜெனரேஷன் போடுவது வீண் செலவு. அதையும் மாதாமாதம் போடும் ஒர்க்‌ஷாப் நோயைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். போடுவதாக இருந்தால் முன்னால் ஆயில் மட்டம் பார்க்க வேண்டும், திறந்த இடத்தில் செய்ய வேண்டும், முடிந்ததும் ஆயில் மாற்ற வேண்டும்.

கழற்றிய பிறகு நடக்கும் தவறுகள்

உள்ளிருக்கும் பீங்கானை உடைத்தெடுத்துவிட்டு வெறும் டப்பாவை மாட்டி, கம்ப்யூட்டரையும் ஏமாற்றிவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிப்படி அது சட்டவிரோத மாற்றம். சரக்கு வண்டி ஆண்டுதோறும் சோதனைக்குப் போகிறது, அங்கே உருளை மேல் ஏற்றி பாரம் கொடுத்துப் புகையை அளப்பார்கள். அபராதம் வண்டி உரிமையாளர் தலையில் விழும்.

உயர் அழுத்தத் தண்ணீரை முன்வாயில் அடிப்பதும் தப்பு. சாம்பல் ஈரமாகி மூடிய முனையில் சிமெண்ட் போல இறுகிவிடும். பீங்கானைச் சுற்றியுள்ள மெத்தை நைந்தால் அது உள்ளேயே ஆடத் தொடங்கும். முறையான சுத்தத்தில் முதலில் எடை பார்ப்பார்கள், அடுப்பில் பல மணி நேரம் மெல்லச் சூடேற்றிக் கரியை எரிப்பார்கள், ஆறியபின் பின்வாயிலிருந்து காற்றை அடித்துச் சாம்பலைத் தள்ளுவார்கள், கடைசியாகக் காற்றோட்டத்தை அளந்து மறுபடி எடை போடுவார்கள். முன் எடை, பின் எடை, முன் அழுத்தம், பின் அழுத்தம் என்று நான்கு எண்களையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் தண்ணீர்தான் அடித்திருப்பார்கள். மாட்டிய பிறகு ஸ்கேனரில் சாம்பல் கணக்கைப் பூஜ்யமாக்கச் சொல்லவும் மறக்காதீர்கள். இல்லையென்றால் சுத்தமான ஃபில்டரை நிறைந்ததாகவே கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டிருக்கும், இரண்டு வாரத்தில் அதே விளக்கு மறுபடி எரியும்.