எக்ஸ்எம்எல் வினவல்: சத்தமில்லாமல் நேரும் தவறுகள்

எக்ஸ்எம்எல் கோப்பில், அதாவது தரவைக் குறிச்சொற்களுக்குள் அடுக்கி வைத்திருக்கும் கோப்பில், வினவலை ஓட்டுகிறீர்கள்; திரையில் ஒன்றுமே வரவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. அப்படியொரு தரவே கிடையாது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். இல்லாத உறுப்பை (குறிச்சொல்லால் குறிக்கப்பட்ட பகுதியை) தேடுவது, எக்ஸ்எம்எல்லுக்குள் இடம் சுட்டும் மொழியான எக்ஸ்பாத்தில் குற்றமே அல்ல. பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் வெற்று விடைதான் வரும்.

பெரும்பாலும் இதற்குக் காரணம் பெயர்வெளி, அதாவது ஒரே பெயருள்ள உறுப்புகளைப் பிரித்தறியக் கொடுக்கும் அடையாளம். கோப்பின் வேர் உறுப்பில் இயல்புப் பெயர்வெளி அறிவிக்கப்பட்டிருந்தால், முன்னொட்டு இல்லாத உள் உறுப்புகளும் அதில் சேர்ந்துவிடும். நீங்கள் //நூல் என்று கேட்டால், எந்தப் பெயர்வெளியிலும் சேராத நூலைத்தான் கருவி தேடும். சந்தேகம் வந்தால் //*:நூல் என்று ஓட்டிப் பாருங்கள். அதற்கு விடை வந்தால் சிக்கல் பெயர்வெளியில்தான். எக்ஸ்பாத்தை உள்ளடக்கிய வினவல் மொழியான எக்ஸ்குவெரியில் எழுதினால், தொடக்கத்திலேயே அந்தப் பெயர்வெளியை அறிவித்துவிடுங்கள். இந்த *: வடிவம் எக்ஸ்பாத் 1.0-இல் செல்லாது. எக்ஸ்எம்எல்லிண்ட் என்ற கட்டளைவரிக் கருவி அந்தப் பழைய பதிப்பை மட்டுமே அறியும்.

அடுத்தது மேற்கோள் குறி. லினக்ஸ், மேக் டெர்மினலில் வினவலை இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால், டாலர் குறியோடு வரும் மாறியை ஷெல் (டெர்மினலில் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு வெற்றிடமாக்கிவிடும். ஒற்றை மேற்கோள் போதும். விண்டோஸ் கட்டளைச் சாளரத்திலோ ஒற்றை மேற்கோளுக்கு அந்த மதிப்பே இல்லை. வினவல் இரண்டு மூன்று வரிக்கு மேல் நீண்டால் கோப்பில் எழுதி ஓட்டுவதே நிம்மதி.

என் கணிப்பில் மிக ஆபத்தானது எண் ஒப்பீடு. //நூல்[விலை > அடக்கம்] என்ற வரியைப் பாருங்கள். விலை 100, அடக்கம் (அடக்க விலை) 20 என்றால் அந்த நூல் விடையில் வர வேண்டும். எக்ஸ்எம்எல்லிண்டில் வரும். எக்ஸ்குவெரியை ஓட்டும் எக்ஸ்எம்எல் தரவுத்தளமான பேஸ்எக்ஸில் வராது! தரவு வகை குறிப்பிடப்படாத இரண்டு மதிப்புகளை எக்ஸ்குவெரி எழுத்துச் சரங்களாகவே ஒப்பிடுகிறது. எழுத்து வரிசையில் 1 முதலில், 2 பிறகு; அதனால் 100 என்பது 20-ஐவிடச் சிறியதாகிவிடும். விலை > 20 என்று நேரடி எண்ணோடு ஒப்பிட்டால் சரியாக வரும் என்பதால், இந்தப் பிழை நெடுநாள் கண்ணில் படாமலே இருக்கும். இரண்டு பக்கமும் உறுப்புகளாக இருந்தால் எண்ணாக மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள்.

//நூல்[1] என்பது முதல் நூலைத் தரும் என்று பலர் நம்புகிறார்கள். ஒவ்வொரு தாய் உறுப்பின் கீழும் உள்ள முதல் நூலை அது தரும். மொத்தத்தில் முதலாவது வேண்டுமென்றால் (//நூல்)[1].

மாற்றம் செய்யும் வினவல்களில் கூடுதல் கவனம் வேண்டும். பேஸ்எக்ஸில் ஒரு கோப்பைத் திறந்து மாற்றினால், ‘யு’ (-u) விருப்பம் இல்லாதவரை மாற்றம் நினைவகத்தோடு போய்விடும். அந்த விருப்பத்தைக் கொடுத்தால் மூலக் கோப்பே மாற்றி எழுதப்படும், பழைய உள்ளடக்கம் திரும்பாது. தரவுத்தளத்தில் செய்யும் மாற்றமோ எந்த விருப்பமும் இல்லாமலே உடனே பதிவாகிவிடும். கோப்பானால் நகல் எடுத்துவிட்டும், தரவுத்தளமானால் ‘கிரியேட் பேக்கப்’ (CREATE BACKUP) கட்டளை கொடுத்துவிட்டும் தொடங்குங்கள்.