ஆங்கில ‘ரூட்’: வேரைப் பிடித்தால் சொல் வசப்படும்

‘ரூட்’ என்றால் வேர். பள்ளியில் படித்தது அவ்வளவுதான். ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதைச் செடியோடு நிறுத்துவதில்லை. ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள், படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: இரண்டு ‘ரூட்’டைப் பிரித்துவிடுங்கள். “எந்த ரூட்ல வந்தே?” என்று நாம் கேட்பது வழி. அதன் எழுத்துகள் ஆர், ஓ, யூ, டி, ஈ. வேருக்கு ஆர், ஓ, ஓ, டி. பிரிட்டிஷ் உச்சரிப்பில் இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும். அமெரிக்கர்களில் பலர் வழியை ‘ரவுட்’ என்பார்கள்.

இரண்டாம் படி: ‘ரூட்’ வரும் இடத்தில் ‘வேர்’ என்று வைத்துப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த படி இது. ‘டேக் ரூட்’ என்றால் வேரூன்றுவது. ‘ரூட் அவுட்’ என்றால் வேரோடு பிடுங்கி எறிவது. “ரூட் அவுட் கரப்ஷன்” என்பார்கள், நாம் ஊழலை வேரறுப்போம் என்கிறோம். ‘ரூட் காஸ்’ என்பது பிரச்சினையின் ஆணிவேர். பாருங்கள், பாதிச் சொற்றொடர்கள் தமிழிலேயே நம்மிடம் இருக்கின்றன! ‘ஸ்கொயர் ரூட்’டுக்கு நாம் சொல்லும் வர்க்கமூலத்தில் வரும் ‘மூலம்’கூட வேர்தான். லத்தீனில் வேருக்கு ‘ராடிக்ஸ்’ என்று பெயர். முள்ளங்கியின் ஆங்கிலப் பெயரான ‘ரேடிஷ்’ அதிலிருந்து வந்தது. ‘இராடிகேட்’டும் அப்படித்தான். பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தபோது பயன்படுத்திய சொல் அது. நேர்ப்பொருள், வேரோடு பிடுங்குதல்.

மூன்றாம் படி: கடைசியில் ‘ஸ்’ சேர்ந்தால் கவனியுங்கள். ‘ரூட்ஸ்’ என்றால் பூர்வீகம். “மை ரூட்ஸ் ஆர் இன் தஞ்சாவூர்” என்று சொல்ல வேண்டும். பூர்வீகம் ஒன்றுதானே என்று ஒருமையில் சொன்னால் தவறு. ‘புட் டவுன் ரூட்ஸ்’ என்றால் புது ஊரில் குடியேறி அந்த ஊர்க்காரராகவே ஆகிவிடுவது. ‘கிராஸ்ரூட்ஸ்’ என்றால் புல்லின் வேர். கட்சியின் அடிமட்டத் தொண்டர்களைப் பற்றிப் பேசும்போது வரும்.

நான்காம் படி: வேர் உதவாத இடங்கள். “ஐ ஆம் ரூட்டிங் ஃபார் சென்னை” என்றால் சென்னை அணி ஜெயிக்க வேண்டும் என்று ஆர்வமாக ஆதரிக்கிறேன் என்று பொருள். ‘ஃபார்’ விட்டுப்போகக் கூடாது. ஆஸ்திரேலியாவில் மட்டும் இதைத் தவிர்த்துவிடுங்கள், அங்கே ‘ரூட்’டுக்குக் கொச்சையான பொருள் உண்டு. ‘ரூட் அரவுண்ட்’ என்றால் பைக்குள் கைவிட்டுத் துழாவுவது. இது வேரே இல்லை. பன்றி மூக்கால் மண்ணைக் கிளறுவதைக் குறித்த வேறொரு பழைய ஆங்கிலச் சொல்.

அப்புறம் பயிற்சி. உங்கள் பூர்வீகம், நீங்கள் ஆதரிக்கும் அணி, வீட்டில் ஒரு தொல்லைக்கு ஆணிவேர் எது, இந்த மூன்றையும் மூன்று வாக்கியங்களாக எழுதுங்கள். எழுதியதை வாய்விட்டு வாசியுங்கள். நாளைக்கு நோட்டைப் பார்க்காமல் வீட்டில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள்.