படத்தில் பறக்கலாம், செட்டில் பறக்கக் கூடாது

புகைப்படத்தில் ஒருவர் இரண்டு மொட்டைமாடிகளுக்கு நடுவே பாய்ந்துகொண்டிருக்கிறார். கோட்டின் பின்பக்கம் சிறகு மாதிரி விரிந்திருக்கிறது. கேமராவுக்கு இந்தப் பக்கம் வந்து பார்த்தால் முழங்கால் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி, நான்கடி தள்ளி ஒரு தடித்த மெத்தை, ஃப்ரேமுக்கு வெளியே தரையில் மல்லாந்து கிடக்கும் ஓர் உதவியாளர். கோட்டின் நுனியில் கட்டிய மீன்பிடி நரம்பு அவர் விரலில் சுற்றியிருக்கிறது. "மூணு" என்றதும் சுண்டி இழுப்பார். அவ்வளவுதான் சாகசம்.

இந்த மாதிரி ஆக்‌ஷன் ஷூட்டுகளின் திரைமறைவைப் படம்பிடிக்கப் போய்க்கொண்டிருக்கிறேன். அங்கே பார்த்த சொதப்பல்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன: படம் வேகமாகத் தெரிய வேண்டும் என்று செட்டையும் வேகமாக ஓட்டுவார்கள்.

உயரத்தை நிஜமாகவே ஏற்றுவது முதல் தவறு. கேமராவைத் தரையோடு தரையாக வைத்து, அகலக் கோண லென்ஸ் போட்டு, கால் இறங்கப்போகும் இடத்தை ஃப்ரேமிலிருந்து வெட்டிவிடுங்கள். அரை மீட்டர் குதிப்பே மாடி உயரமாகத் தெரியும், ஏனென்றால் பார்ப்பவருக்கு அளந்துபார்க்க எதுவும் மிஞ்சாது. மாடல் இன்னும் பெரிய பெட்டி கேட்டால் கொடுக்காதீர்கள். ஆர்வக்கோளாறில் எல்லோரும் கேட்பார்கள்.

அடுத்தது பர்ஸ்ட் மோடை (பட்டனை அழுத்தியிருக்கும்வரை தொடர்ந்து படம் எடுக்கும் முறை) நம்பி விரலை அழுத்தியபடியே நிற்பது. நொடிக்கு 10 படம் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் நடுவே 0.1 நொடி இடைவெளி. நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வரும் கை அதற்குள் 80 சென்டிமீட்டர் போய்விடும். முகத்துக்கு அருகே முஷ்டி வரும் அந்தக் கணம் இரண்டு படங்களுக்கு நடுவே விழுந்து காணாமல் போகும். ஃபிளாஷும் அந்த வேகத்துக்கு மீண்டும் மீண்டும் சார்ஜ் ஆகாது. குதிப்பில் இன்னும் சுலபமான கணக்கு ஒன்று இருக்கிறது. அரை மீட்டர் எம்பினால் காற்றில் இருப்பது சுமார் 0.64 நொடி. அதில் உச்சியை ஒட்டிய 5 சென்டிமீட்டருக்குள் மட்டும் 0.2 நொடி இருப்போம். ஏறும் வேகம் தீர்ந்து, இறங்கும் வேகம் பிடிக்காத நேரம் அது. எண்ணிக்கை சொல்லி அங்கே ஒரே ஒரு கிளிக் அடித்தால் போதும்.

1948-இல் புகைப்படக்காரர் ஃபிலிப் ஹால்ஸ்மன் ஓவியர் சால்வடார் டாலியை எடுத்த பிரபலமான படம் அப்படி எண்ணிக்கையில் பிறந்ததுதான். டாலி அந்தரத்தில், பூனைகள் அந்தரத்தில், ஒரு வாளித் தண்ணீரும் அந்தரத்தில். ஓவியச் சட்டம் கம்பியில் தொங்கியது. இடப்பக்க நாற்காலியைத் தூக்கிப் பிடித்திருந்தது ஹால்ஸ்மனின் மனைவி. "மூன்று" என்றதும் உதவியாளர்கள் பூனைகளையும் தண்ணீரையும் வீசுவார்கள், "நான்கு" என்றதும் டாலி குதிப்பார். ஒவ்வொரு முறையும் ஹால்ஸ்மன் இருட்டறைக்குப் போய் ஃபிலிமைக் கழுவிப் பார்த்துவிட்டு வருவார். அதற்குள் மற்றவர்கள் தரையைத் துடைப்பார்கள். இப்படி 28 முறை. (பூனைகளை வீசும் யோசனையை அந்தக் காலத்தோடு விட்டுவிடலாம்.)

ஒளி விஷயத்தில் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அசைவு உறைய வேண்டும் என்று ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்கு ஏற்றிவிட்டு சாதாரணமாக ஃபிளாஷ் அடிப்பார்கள். பல கேமராக்களில் ஃபிளாஷோடு ஒத்துப்போகும் எல்லை 1/200 அல்லது 1/250 நொடிதான். அதைத் தாண்டினால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். அதற்குப் பதிலாக அறையை இருட்டாக்கி, ஷட்டரை 1/200-இலேயே விட்டு, கேமரா மேல் மாட்டும் சிறிய ஃபிளாஷின் சக்தியைக் குறையுங்கள். சக்தி குறையக் குறைய அது எரியும் நேரமும் சுருங்கும், அசைவை அதுவே உறைய வைக்கும். பழைய ஸ்டூடியோ ஃபிளாஷ்கள் சிலவற்றில் இது தலைகீழ், ஒருமுறை சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

இனி விளையாட்டில்லை. புழுதி பறக்கிற மாதிரி வேண்டும் என்று மாவையோ வண்ணப்பொடியையோ காற்றில் ஊதி, பக்கத்தில் நெருப்போ சூடான விளக்கோ வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். 2015 ஜூனில் தைவானில் ஒரு கேளிக்கைப் பூங்காவில் சோளமாவு வண்ணப்பொடி காற்றில் தீப்பற்றி 15 பேர் இறந்தார்கள், காயமடைந்தவர்கள் சுமார் 500 பேர். பொடி வேண்டுமென்றால் திறந்தவெளியில், நெருப்பும் சூடும் இல்லாமல், கொஞ்சமாக. மழைக் காட்சியா? மின்கம்பி இழுக்காமல் பேட்டரி விளக்கு. லைட் ஸ்டாண்டுக்கு மணல் மூட்டை போடாமல் பெரிய மின்விசிறியை ஓட விட்டால் சாஃப்ட்பாக்ஸ் (விளக்கின் மேல் மாட்டும் துணிப்பெட்டி) பாய்மரம் ஆகிவிடும்.

அப்புறம் என் தவறு. ஒரு ஷூட்டில் திரைமறைவுப் படம் எடுக்கிறேன் என்று என் சிறிய கேமராவில் ஃபிளாஷோடு கிளிக் செய்தேன். அங்கே இருந்த விளக்குகள் வேறொரு ஃபிளாஷ் வெளிச்சத்தைக் கண்டாலே தானும் எரியும் வகை. என் கேமரா மின்னியதும் மூன்றும் மொத்தமாக எரிந்தன. மாடல் அப்போதுதான் உச்சிக்குப் போனார். புகைப்படக்காரர் அழுத்தியபோது எந்த விளக்கிலும் சார்ஜ் இல்லை. அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது, முழுக் கறுப்பாக. அன்றிலிருந்து செட்டுக்குள் நுழையும்போதே என் ஃபிளாஷை அணைத்துவிடுகிறேன். குதிப்பவரின் பார்வை போகும் திசையில் நிற்பதும் இல்லை. வீடியோ எடுத்தால், ஃபிளாஷ் அடிக்கும் ஃப்ரேம்களில் பாதி வெள்ளையாகப் பட்டை விழும், அதைத் தவிர்க்க வழி தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். குதிப்பதைவிட அதற்கு முன்னால் சுண்ணக்கட்டியால் தரையில் குறி போடுவதும், மெத்தையை அரை அடி நகர்த்திக் கால் வைத்துப் பார்ப்பதும்தான் பார்க்கச் சுவையாக இருக்கும்.

கடைசியாக, "இன்னும் ஒண்ணே ஒண்ணு". நான் பார்த்த கணுக்கால் சுளுக்குகள் எல்லாம் இந்த வார்த்தைக்குப் பிறகு வந்தவை. புகைப்படக்காரருக்குத் திரையில் படம்தான் தெரியும், குதிப்பவரின் முழங்கால் நடுங்குவது தெரியாது. எத்தனை குதிப்பு என்பதைக் காலையிலேயே முடிவுசெய்து, எண்ணும் வேலையை மெத்தைக்குப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.