செர்ரி இறாலின் சிவப்பைக் கூட்டுவது எப்படி?

"வாங்கும்போது நல்ல சிவப்பா இருந்துச்சு, குஞ்சுங்க மட்டும் ஏன் வெளிறிப்போய் வருது?" மீன்தொட்டியில் அழகுக்காக வைக்கும் சின்ன நன்னீர் இறாலான செர்ரி இறால் வளர்க்கும் எல்லோரும் ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி இது. தீவனத்தை மாற்றிப் பார்த்து அலைய வேண்டாம். எது எதோடு சேர்கிறது என்பதை நீங்கள் முடிவு செய்ய ஆரம்பித்தாலே பாதி வேலை முடிந்தது.

முதலில் இரண்டு தொட்டி, ஒவ்வொன்றும் 20 லிட்டர் போதும். ஒன்று தேர்ந்தெடுத்தவற்றுக்கு, மற்றது கழித்தவற்றுக்கு. ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு கைப்பிடி ஜாவா பாசி (தொட்டியில் வளர்க்கும் பாசிச் செடி), 22 முதல் 26 டிகிரி சூடு. செம்பு கலந்த மீன் மருந்து எதுவும் வேண்டாம், இறாலுக்கு அது விஷம். இரண்டிலும் கறுப்பு மணலே போடுங்கள். வெள்ளை மணலில் நல்ல இறாலும் நிறத்தைக் குறைத்துக்கொள்ளும், நீங்கள் ஏமாந்து அதைக் கழித்துவிடுவீர்கள்.

அடுத்து தேர்வு. வலையில் பிடித்தால் பயத்தில் வெளிறிவிடும், அதனால் வேகவைத்த கீரைத் துண்டு ஒன்றைப் போட்டு, எல்லாம் மொய்க்கும்போது பாருங்கள். முதுகைப் பார்த்து மயங்காதீர்கள், காலைப் பாருங்கள். சாதாரண செர்ரிக்குக் கால் கண்ணாடி மாதிரி இருக்கும். உயர்ந்த ரகத்தில் கால்வரை சிவப்பு இறங்கியிருக்கும். பெண் பெரிது, வயிறு தொங்கலாக இருக்கும். ஆண் ஒல்லி, இயல்பிலேயே நிறம் குறைவு, அதனால் பலர் ஆணைக் கவனிப்பதே இல்லை. குஞ்சுக்குப் பாதி நிறம் அப்பாவிடமிருந்துதான் வருகிறது, இருக்கும் ஆண்களில் சிவந்ததை மட்டும் வையுங்கள். முட்டை சுமக்கும் பெண்ணை எடுக்காதீர்கள், அந்த முட்டைகளுக்கு அப்பா யாரென்று உங்களுக்குத் தெரியாது.

ஒரு ஜோடியோடு நிறுத்தாமல் பத்துப் பதினைந்து இறாலாவது வையுங்கள். முட்டை பொரிய மூன்று நான்கு வாரம் ஆகும். குஞ்சுகள் இரண்டு மாதம் தாண்டியதும், பருவத்துக்கு வருமுன், மறுபடி சலித்து வெளிறியதை அடுத்த தொட்டிக்கு மாற்றுங்கள். அங்கே அவையும் பாசி மேய்ந்து நன்றாகவே வாழும். குளத்திலோ ஏரியிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள், அங்கே பெருகிவிட்டால் திரும்ப எடுக்கவே முடியாது. நீலம், மஞ்சள் செர்ரிகளைச் சேர்க்கவும் வேண்டாம், கலந்தால் சில தலைமுறையில் காட்டு இறாலின் மங்கிய பழுப்புதான் மிஞ்சும்.

மூன்று நான்கு தலைமுறைக்கு ஒருமுறை வேறு இடத்திலிருந்து அதே சிவப்பில் சிலவற்றை வாங்கி, சில வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்த்துவிடுங்கள். அப்புறம், ஒவ்வொரு தலைமுறையையும் ஒரே விளக்கின் கீழ் போட்டோ எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கால்களின் சிவப்பு, பழைய படத்தோடு வைத்துப் பார்க்கும்போதுதான் தெரியும்.