ரிவிஷன் நோட்டு: நான் செய்த தவறுகளை நீங்களாவது செய்யாதீர்கள்

போன வாரம் அண்ணன் மகள் தன் உயிரியல் நோட்டைப் பெருமையோடு நீட்டினாள். தலைப்புகள் பச்சையில், உட்தலைப்புகள் ஊதாவில், ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டங்கள். மருந்துக்குக்கூட ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. படிக்கிற காலத்தில் நான் போட்ட நோட்டும் அச்சு அசல் இப்படித்தான் இருந்தது.

கோடு போட்ட நோட்டா, போடாததா, கையெழுத்து எப்படி என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அதனால் யாரும் மார்க் இழந்ததில்லை.

புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. கண் பார்க்கும், கை எழுதும், மனசு வேறெங்கோ மேயும். பரீட்சைக்கு முந்தைய மூன்று வாரத்தை நான் இப்படித்தான் தொலைத்தேன். பரீட்சை ஹாலில் உட்கார்ந்தபோது, அந்தப் பதில் இடது பக்கத்தில், கீழே, நீலக் கட்டத்துக்குள் இருந்தது என்பது பளிச்சென்று நினைவுக்கு வந்தது. கட்டத்துக்குள் என்ன எழுதினேன் என்பதுதான் வரவில்லை.

அவளிடமும் சோதித்துப் பார்த்தேன். "சரி, நோட்டை மூடு. சவ்வூடு பரவலில் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?"

"அடர் கரைசலிலிருந்து நீர்த்த கரைசலுக்கு."

நேர் தலைகீழ். சவ்வைத் தாண்டித் தண்ணீர் நீர்த்த கரைசலிலிருந்து அடர் கரைசலுக்குத்தான் போகும். நோட்டில் சரியாகத்தான் இருந்தது, ஊதா அடிக்கோட்டோடு. "எழுதினேனே சித்தப்பா!" என்றாள். எழுதினாள்தான். எழுதியது புத்தகத்திலிருந்து நோட்டுக்குப் போனது, அவள் வழியாகப் போகவில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒரு பகுதியைப் படியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், நினைவில் நிற்பதை எழுதுங்கள். அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தப்பானதையும் சிவப்பில் திருத்துங்கள். முதல் சில நாள் பக்கம் முழுக்கச் சிவப்பாக இருக்கும், அவமானமாகக்கூட இருக்கும். அடுத்த முறை எங்கே கண்ணை வைக்க வேண்டும் என்பதை அந்தச் சிவப்புதான் காட்டும். படங்களுக்கும் சூத்திரங்களுக்கும் இதே வழிதான்.

இந்தத் தவறு ஏன் இவ்வளவு இனிக்கிறது என்பதற்கு ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் விடை இருக்கிறது. ஒரு பகுதியைப் படித்த மாணவர்களில் சிலர் அதையே மறுபடி படித்தார்கள். மற்றவர்கள் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, மறுபடி படித்தவர்களுக்கு 81 சதவீதம், எழுதியவர்களுக்கு 75. ஒரு வாரம் போனதும் முன்னவர்களுக்கு 42, பின்னவர்களுக்கு 56. அன்று ராத்திரியே 'எல்லாம் தெரியும்' என்று தோன்றுவது அந்த ஐந்து நிமிடக் கணக்குதான். பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

எல்லாவற்றையும் எழுதுவது

அது இரண்டாவது பாடப்புத்தகம். ஒன்றே போதும்.

மார்ஜினைக் காலியாக விடுவது

கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் சொல்லிக்கொடுத்த முறை பிரபலமானது: பக்கத்தின் இடப்புறம் ஓர் அகலமான மார்ஜின், அதில் கேள்விகள்; வலப்புறம் குறிப்புகள். வலப்புறத்தைத் தாளால் மறைத்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். பலர் அங்கே வெறும் தலைப்பை எழுதிவைக்கிறார்கள். 'சவ்வூடு பரவல்' என்று இருந்தால், தெரியும் என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். 'எந்தப் பக்கம்? ஏன்?' என்று இருந்தால் வாயைத் திறந்தே ஆக வேண்டும்.

நாலு கலர் பேனா

திருத்தச் சிவப்பு. மிச்சமெல்லாம் பொழுதுபோக்கு.

எழுதி முடித்து அடுக்கி வைப்பது

படித்த சூட்டோடுதான் மறதி வேகமாக நடக்கும். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-இல் எழுதிவைத்த விஷயம் இது. அதனால் மறுநாளே ஒரு தடவை, சில நாள் விட்டு இன்னொரு தடவை, அப்புறம் ஒரு வாரம் விட்டு. பார்க்காமல் சொன்ன தேதியைப் பக்க மூலையில் குறித்துவைப்பேன். தேதி இல்லாத மூலை உடனே கண்ணில் குத்தும்.

அண்ணன் மகள் வேறு நோட்டு தொடங்கியிருக்கிறாள். சவ்வூடு பரவல் பக்கத்தில் ஒரு நீல அம்புக்குறி, அதன்மேல் பெருக்கல் குறி, அடியில் எதிர்ப்பக்கம் பார்த்தபடி ஒரு சிவப்பு அம்பு. மூலையில் இரண்டு தேதிகள்.