பைக் சொக்கை உங்கள் எடைக்குச் செட் பண்ணுவது எப்படி

கராஜில் சீட்டைக் கையால் இரண்டு தரம் அமத்திவிட்டு "சரி, எடுத்துப் போங்க" என்றால் அங்கே செட்டிங் ஒன்றும் நடக்கவில்லை. இது மில்லிமீற்றர் வேலை. உங்களைச் சீட்டில் இருத்தி அளக்காத இடத்தில் காசு கொடுக்க வேண்டாம்.

அன்றாடம் ஓடுகிற கோலத்திலேயே போங்கள்: ஹெல்மட், சப்பாத்து, மழைக்கோட்டு, முதுகுப்பை. சாப்பாடு டெலிவரி செய்பவர் பெட்டியையும் நிரப்பிக் கட்டிக்கொண்டு போகவேண்டும். வெறும் பெட்டியோடு எடுத்த அளவு பம்பலப்பிட்டியில் மதிய ஓட்டத்துக்கு உதவாது.

ரயர் சூடேற முன்பு காற்றைச் சரிபார்க்க வேண்டும். முன் போர்க் சீலில் எண்ணெய்க் கசிவு, பின் சொக் புஷ்ஷில் ஆட்டம் இருந்தால் முதலில் அவற்றை மாற்றுங்கள். தேய்ந்த சாமானை வைத்து எடுத்த அளவு பொய்தான் சொல்லும்.

பின்பக்கம் மூன்று அளவு. சில்லு தொங்கும்படி பைக்கை உயர்த்தி, அச்சிலிருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழுள்ள ஒரு புள்ளி வரை அளப்பது முதலாவது, 560 மி.மீ. என்று வைப்போம். பைக் தன் பாரத்தில் நிற்கும்போது 542. நீங்கள் கால்களை ஊன்றாமல் ஏறி இருக்க, ஒருவர் ஹாண்டிலைப் பிடிக்க, 515. அதாவது பைக் 18 தாழ்ந்தது, உங்களோடு 45. பின்சில்லின் மொத்த ஓட்டம், அதாவது அது மேலும் கீழும் நகரக்கூடிய தூரம், 120 என்றால் 45 அதிகம். வீதியில் ஓட அந்தத் தூரத்தில் 25 முதல் 30 வீதம், அதாவது 30 முதல் 36 வரை போதும். சொக்கின் கொலரை (ஸ்பிரிங்கை அமத்திப் பிடிக்கும் வளையம்) சீ ஸ்பானரால் ஏற்றி மறுபடி அளந்தால் பைக் மட்டும் 8, உங்களோடு 35. அது நல்ல அளவு. இரட்டைச் சொக் என்றால் இரு பக்கமும் ஒரே படியில் இருக்கவேண்டும். சொக் உராய்வில் சிக்கிப் பிழைகாட்டும் என்பதால் ஒவ்வொன்றையும் இருமுறை அளந்து சராசரி எடுங்கள்.

பலருக்குக் குழப்பம் இங்கேதான். கொலரை ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாவதில்லை, பைக் உயர்கிறது, அவ்வளவுதான். உங்கள் அளவு 35க்கு வந்தும் பைக் மட்டும் நிற்கையில் ஒரு மில்லிமீற்றரும் தாழவில்லையென்றால், ஸ்பிரிங் உங்களுக்கு மெது, கடினமானது வேண்டும். எதிர்மாறாகப் பைக் தானே 20 தாழ்ந்தால் ஸ்பிரிங் கடினம். பஞ்சிகாவத்தையில் வேறு மொடல் சொக் வாங்கினால் சோடியாகவே வாங்குங்கள். சொக்கைப் பூட்டும் இரு துளைகளுக்கும் இடைப்பட்ட நீளம் பழையதோடு ஒத்திருக்கட்டும். கூடினால் பின்பக்கம் தூக்கி, பக்க ஸ்டாண்டில் பைக் அளவுக்குமீறிச் சரியும்.

முன் போர்க்கில் ஒரு கேபிள் டையைக் குழாயில் கட்டிச் சீல்வரை தள்ளி, மெதுவாக ஏறி இறங்கினால் அது நகர்ந்த தூரமே அளவு. தொடங்குமுன் முன்சில்லு தொங்கவேண்டும். 30 முதல் 40 வரை சரி. சாதாரணப் பைக்குகளில் திருகும் வசதி இல்லை. ஸ்பிரிங்குக்கு மேலுள்ள குழாய்த்துண்டை 5 மி.மீ. நீட்டினால் தாழ்வும் ஏறக்குறைய அவ்வளவு குறையும். மூடியைக் கழற்றும்போது கவனம், ஸ்பிரிங் விசையில் முகத்துக்கு நேரே பாயும். எண்ணெயைப் போர்க்கின் இரு காலிலும் ஒரே மட்டத்தில் ஊற்றவேண்டும். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, போர்க்கை முழுதாக அமத்தி, குழாயின் வாயிலிருந்து மட்டத்தை அளப்பதே முறை. எண்ணெய் கூடினால் கடைசிப் பகுதியில் போர்க் கல்லாகும், சீலும் கசியும்.

ரிபவுண்ட் திருகி (அமர்ந்த சொக் திரும்பி எழும்பும் வேகத்தை மாற்றுவது) இருந்தால் முழுதாக மூடி, அங்கிருந்து எத்தனை கிளிக் திறந்தது என்று எழுதிவாங்குங்கள். பின்னுக்கு ஆளோடு நுவரெலியா போவதென்றால் கொலரை ஒன்றிரண்டு படி ஏற்றுங்கள். இல்லாவிட்டால் ஹெட்லைட் மேலே எழும்பி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். திரும்பி வந்ததும் பழைய படிக்கு இறக்குங்கள்.