மோட்டார்ஹோமின் இன்ஜின் ஆயிலை நாமே மாற்றும் முறை

தங்கும் வசதியுள்ள வண்டியான மோட்டார்ஹோம் ஆண்டின் பெரும்பகுதி நின்றபடியே இருப்பதால், ஓடிய தூரம் குறைவானாலும் ஆயிலில் ஈரமும் அமிலமும் சேரும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையாவது அதை மாற்றிவிடுவது நல்லது.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பின், இன்ஜினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு அணையுங்கள். வெதுவெதுப்பான ஆயில் கசடையும் சேர்த்துக்கொண்டு எளிதில் வடியும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. நிறுத்திய வண்டியைச் சமன்செய்ய இறக்கும் கால்களும் அப்படி நம்பிப் படுப்பதற்கானவை அல்ல. கையேட்டில் உள்ள கொள்ளளவைவிடப் பெரிய தட்டை வைத்து, இன்ஜினின் அடியில் ஆயிலை வெளியேற்றும் வடிகால் போல்ட்டைக் கழற்றுங்கள்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது ஆயிலை வடிகட்டும் ஃபில்டரில்தான். திருகு வகை ஃபில்டரைக் கழற்றியதும், அதன் பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேலேயே புதியதைப் பொருத்தினால், இன்ஜினை இயக்கியதும் ஆயில் பீய்ச்சி அடிக்கக்கூடும். புதிய வளையத்தில் சிறிது ஆயில் தடவி, அது இன்ஜினைத் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலும் போதும்.

போல்ட்டைப் புது வாஷருடன் மாட்டி, கையேடு சொல்லும் தரத்திலான ஆயிலை ஊற்றி, ஒரு நிமிடம் இயக்கிக் கசிவு பாருங்கள். அணைத்து 10 நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவைக் காட்டும் கம்பி) அளந்து, குறைவதை நிரப்புங்கள். பழைய ஆயிலை மண்ணில் கொட்டாமல், மூடிய கேனில் சேகரிப்பு மையத்தில் ஒப்படையுங்கள்.